அப்பாவின் எம்.டி. 90 யாழ்ப்பாணத்திலேயே ஓடட்டும்

1998 மாசி மாதம். சிட்னிக்கு வந்து மூன்றாம் நாள். துங்காபியில் சித்தப்பா வீட்டின் முன்னறையில் படுத்திருந்தேன். காலை பத்து மணி இருக்கும். வெளியே ஒரு எஞ்சின் சத்தம். ஒரு உறுமல், பத்தடி ஓட்டம், ஓய்வு. மறுபடி ஒரு உறுமல், பத்தடி ஓட்டம், ஓய்வு. எனக்குத் தெரிந்த சத்தம் அது. வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினேன். நடைபாதைப் புல்லில் சிவப்பு ஹொண்டா ஒன்றில் தபால்காரர் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் நின்று கடிதம் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அவர் தெரு முனையில் திரும்பும்வரை நான் உள்ளே போகவில்லை.

அது ஹொண்டா சி.டி. 110. எண்பதுகள் தொடக்கம் அவுஸ்திரேலியத் தபால்காரர்களைச் சுமந்த மோட்டார் சைக்கிள். 105 சி.சி., நான்கு கியர், கையால் பிடிக்கிற கிளச் கிடையாது. எங்கள் வீட்டில் நின்ற எம்.டி. 90 உம் தபால்காரரின் வாகனம்தான். ஹொண்டா அதை ஜப்பானியத் தபால் சேவைக்கென்றே செய்தது. அங்கே ஓடி முடித்தவைதான் கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் ஆசிரியர்களையும் விதானைமாரையும் மீன் வியாபாரிகளையும் சுமந்தன. இரண்டுக்கும் மூத்தது ஒன்றே. 1958 இல் வெளிவந்த சூப்பர் கப். ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்று யோசித்துச் செய்த அந்த வகை, 2017 இல் பத்துக் கோடி உற்பத்தியைத் தாண்டியது. உலகத்தில் வேறெந்த மோட்டார் வாகனமும் இவ்வளவு செய்யப்படவில்லை.

இன்று எங்கள் தெருவுக்குத் தபால் மூன்று சக்கர மின்சார வாகனத்தில் வருகிறது. சத்தமே இல்லை. தபால்காரருக்கு அது பாதுகாப்பு, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஏலத்தில் போன அந்தச் சிவப்பு ஹொண்டாக்களில் ஒன்று, 1992 ஆம் ஆண்டுக்குரியது, இப்போது என் கராச்சில் நிற்கிறது. பக்கத்துத் தெருவில் ஒரு முதியவர் வீட்டுக் கொட்டிலில் பதினொரு வருடம் கிடந்தது. தாங்கிக்குள் துரு, காபரேற்றரின் கிண்ணத்தில் பச்சை நிறத்தில் பிசின், பின் ரயரில் எலிக் கூடு. ஏழு மாதம் சனிக்கிழமைகளில் வேலை செய்து ஓடவைத்தேன். பெயின்ற் அடிக்கவில்லை. இடப்பக்கம் முழுக்கத் தபால் பெட்டிகளின் விளிம்பு உரசிய கீறல்கள். எத்தனை ஆயிரம் வீட்டு வாசலில் அது நின்றிருக்கும்? அந்தக் கீறல்களை நான் எதற்கு மூடவேண்டும்?

இதை எழுதுவதற்குக் காரணம் அந்தச் சிவப்பு ஹொண்டா இல்லை. கொக்குவிலில் அத்தானின் கொட்டிலில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கும் அப்பாவின் எம்.டி. 90 தான் காரணம். புலம்பெயர்ந்த பலருக்கு இன்று வந்திருக்கிற ஒரு ஆசை எனக்கும் வந்தது, அதை இங்கே கொண்டுவரவேண்டும் என்று. இரண்டு வருடம் அந்த ஆசையோடு இருந்தேன். இப்போது அதற்கு நேர் எதிராக நினைக்கிறேன்.

அப்பா அதை 1984 இல் வாங்கினார். 1990 ஆனியில் மறுபடி போர் தொடங்கியபோது எனக்குப் பதினேழு வயது. பெற்றோல் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. மின்சாரமும் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். பள்ளிக்கூடம் பாதி நாள் நடக்கும், பாதி நாள் நடக்காது. அப்பா என்னைக் கொண்டுபோய் ரயில் பாதைக்கருகே இருந்த ஒரு கராச்சில் விட்டார். ரயில் பாதை என்று சொன்னேனே தவிர, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. வெறும் மண் மேடுதான். அந்தக் கராச்சை நடத்தியவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே.

அண்ணையிடம் நான் படித்தது மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டுவது. அனுபவிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினுக்குள் ஆவியாகாது. அதனால் உதைத்தால் தீப்பிடிக்காது. சட்டைப் பையில், கண்ணுக்கு மருந்து விடுகிற சிறிய பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் இருக்கும். பொன்னைப் போல வைத்திருப்போம். காற்றுப் போகிற வழியில் ஐந்தாறு சொட்டு விட்டு உதைத்தால் எஞ்சின் பிடிக்கும். பிடித்த அந்த நிமிடத்தில் கையை விடாமல் முறுக்கிச் சூடேற்ற வேண்டும். சூடானதும் மண்ணெண்ணெய் தானாக எரியத் தொடங்கும். வெள்ளைப் புகை, கண் எரியும். நிறுத்துமுன் தாங்கிக் குழாயை மூடிவிட்டு, கிண்ணத்தில் உள்ளது தீரும்வரை ஓடவிட வேண்டும். மறந்தால் அடுத்த தடவை சொட்டுப் பெற்றோலுக்கும் எழும்பாது.

அதோடு முடியாது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ஓரமாக வழிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகும். அண்ணை ஒயிலைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்து, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லுவார். பிளக்கில் கரி கட்டும், இரண்டு நாளுக்கொரு தடவை கழற்றிச் சுரண்டவேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் தட்டும். அதற்கு அவர் ஹெட்டுக்குக் கீழே இன்னொரு காஸ்கற் வைத்து அமுக்கத்தைக் குறைப்பார். இதையெல்லாம் எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் அவர் செய்யவில்லை. ஒவ்வொரு எஞ்சினும் படுகிற பாட்டைக் காதால் கேட்டுக் கண்டுபிடித்தார்.

ஒரு நாள் காபரேற்றரின் சின்ன ஜெற் அடைத்துவிட்டது. தலைமயிர் பருமன்தான் அதன் துவாரம். நான் பிறேக் கேபிளில் ஒரு இழையை உருவி எடுத்துக் குத்தப் போனேன். அண்ணை கையைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, பித்தளை மெல்லிசு. கம்பி விட்டியோ, ஓட்டை பெருத்துப் போம். பிறகு அது ஜெற் இல்லை, பீலி."

மூலையில் நின்ற தும்புத்தடியிலிருந்து ஒரே ஒரு தும்பைப் பிடுங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நுனியை நகத்தால் சீவி, மெதுவாக உருட்டி உருட்டி உள்ளே விட்டார். மறுபக்கத்தால் கறுப்பாக ஒரு துணிக்கை வெளியே வந்தது. சூரியனைப் பார்த்து ஜெற்றைக் கண்ணருகே பிடித்தார். பிறகு என்னிடம் தந்தார். அந்தத் துவாரத்தினூடாக வட்டமாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. முப்பது வருடம் கழித்துச் சிட்னியில் சிவப்பு ஹொண்டாவின் ஜெற்றை நான் சுத்தம் செய்ததும் தும்பால்தான். பென்டில் ஹில்லில் நம்மவர் கடையில் ஒரு தும்புத்தடி வாங்கி வைத்திருக்கிறேன், வீடு கூட்டுவதற்கு அல்ல.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து வீதியில் இறங்கியது. மழை. தபால் மூட்டை வைக்கிற அந்தப் பெரிய கரியரில் தலையணை கட்டி அம்மம்மாவை இருத்தி, எஞ்சினை நிறுத்திவிட்டு அப்பாவும் நானும் தள்ளிக்கொண்டு போனோம். ஓட்டுவதற்கு இடமில்லை. நாவற்குழிப் பாலம் தாண்டக் காலையாகிவிட்டது. முன்பக்கத்து பிளாஸ்ரிக் கவசம் யாரோ ஒருவருடைய மாட்டு வண்டியில் இடித்து வெடித்தது. கொடிகாமத்தில் போய்த் தங்கிய வளவில், சூடாக்கிய ஊசியால் துளை போட்டு, செப்புக் கம்பியால் அந்த வெடிப்பை அப்பா தைத்தார். பதினொரு தையல். இன்றும் இருக்கிறது.

அப்பா 2016 இல் காலமானார். அதற்குப் பிறகுதான் கொண்டுவரும் ஆசை. சட்டத்தில் வழி இருக்கிறது. 2021 ஆடி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, இருபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட வாகனத்தை அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவர விண்ணப்பிக்கலாம். அனுமதி கைக்கு வரமுன் கப்பலில் ஏற்றக் கூடாது. சக்கரத்தில் ஒட்டிய மண் ஒரு துளியும் இருக்கக் கூடாது, கொக்குவில் செம்மண்ணானாலும்தான். இதையெல்லாம் செய்யலாம். அஸ்பெஸ்ரஸ் விடயம்தான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. 2003 டிசம்பர் 31 தொடக்கம் அவுஸ்திரேலியாவில் அஸ்பெஸ்ரஸ் முழுமையாகத் தடை. பழைய பிறேக் சூவிலும் காஸ்கற்றிலும் அது இருக்கலாம். இல்லை என்று உறுதி காட்டவேண்டும், அல்லது கழற்றி மாற்றிவிட்டு அனுப்பவேண்டும்.

இந்த இடத்தில் ஊரில் கராச் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிறேக் டிறம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கிற தூளை வாயால் ஊதுகிறோமே, அல்லது கொம்பிறெசரால் அடிக்கிறோமே, அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். அஸ்பெஸ்ரஸ் தூசு சுவாசப்பைக்குள் போய் நோயாக வெளியே வர இருபது முப்பது வருடமும் எடுக்கும். அண்ணையும் நானும் ஐந்து வருடம் வாயால்தான் ஊதினோம். அப்போது எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அந்த விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த இரவு, அப்பாவின் மோட்டார் சைக்கிள், அண்ணை கையால் பூட்டிய ஒவ்வொரு காஸ்கற்றும் கழற்றப்பட்டு, கழுவிப் பரிசோதிக்கப்பட்டு, ஒரு பெட்டியில் துங்காபிக்கு வந்து இறங்குவதை நினைத்துப் பார்த்தேன். வந்த பிறகு அதற்கு என்ன நடக்கும்? எனக்கு ஐம்பத்து மூன்று வயது. மகளுக்கு அதில் விருப்பமில்லை, அவளைக் கட்டாயப்படுத்தவும் மாட்டேன். என் கைக்குப் பிறகு அதைத் திறந்து பார்க்க இந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. கொக்குவிலில் அக்காவின் மகன் இருக்கிறான். எழுபத்தைந்து வயதிலும் கராச் வாசலில் கதிரை போட்டு இருக்கிற அண்ணை இருக்கிறார்.

விண்ணப்பத்தை மூடிவிட்டேன்.

கருவியைக் காப்பாற்றிக் கையைக் கைவிட்டதன் விளைவை நான் மெல்பேர்னில் கண்டிருக்கிறேன். டண்டினோங்கில் இருக்கிற நல்லூர் நண்பர் ஒருவர் என்னை எலிசபெத் வீதிக்குக் கூட்டிப்போனார். நகரின் நடுவே அந்த வீதியின் ஒரு துண்டு நூறு வருடத்துக்கு மேலாக மோட்டார் சைக்கிள் கடைகளுக்குப் பேர்போனது. இன்று அந்தக் கடைகளில் பெரும்பாலானவை இல்லை, அடுக்குமாடிகள் வந்துவிட்டன. பழைய மோட்டார் சைக்கிள்கள் அழியவில்லை, பணக்காரர்களின் கராச்களில் பளபளவென்று நிற்கின்றன. ஆனால் ஒரு வால்வுக்கு இருக்கை வெட்டுவிக்க நண்பர் ஐந்து மாதம் காத்திருந்தார். அந்த வேலை தெரிந்தவர் எண்பது வயதைத் தாண்டிய ஒருவர், கிழமையில் இரண்டு நாள்தான் வேலை செய்கிறார்.

ஆனாலும் இந்த நாட்டில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. நியூ சவுத் வேல்ஸில் முப்பது வருடத்துக்கு மேற்பட்ட வாகனம் ஏறக்குறைய அசல் நிலையில் இருந்து, நீங்கள் அங்கீகாரம் பெற்ற கழகம் ஒன்றில் உறுப்பினராகவும் இருந்தால், குறைந்த கட்டணத்தில் பதிவு தருகிறார்கள். கழக நிகழ்வுகள் தவிர வருடத்தில் அறுபது நாள் சொந்தத் தேவைக்கு ஓட்டலாம். ஓட்டுகிற ஒவ்வொரு நாளையும் புறப்படுமுன் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதவேண்டும். விக்ரோறியாவில் இருபத்தைந்து வருடம், 45 அல்லது 90 நாள். இதில் எனக்குப் பிடித்தது, பழையதை வைத்திருக்கிறவனை ஓட்டச் சொல்கிறது சட்டம். பூட்டி வைத்தால் சீல் காயும், தாங்கி துருப்பிடிக்கும், பெற்றோல் பிசினாகும். ஓடினால்தான் அது இருக்கும். இலங்கையில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இப்படியொரு குறிப்புப் புத்தகத்தை எம்.டி. 90, சி. 90 வகைகளுக்கும் யோசிக்கலாம். மாதத்தில் நாலு நாள் ஓடுகிற வாகனத்துக்கு முழு வருடத்துக்குரிய வரி அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனையும் கேட்டால், அந்தக் காசைப் பார்த்தே பலர் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

கழகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து போவோம். என்னுடையது 105 சி.சி., நெடுஞ்சாலைக்கு ஏறாது. பழைய வடக்கு வீதியால் டூரல், குளெனோரி, மரூட்டா தாண்டி வைஸ்மன்ஸ் பெரிக்கு இறங்குவேன். பின்னால் கார் சேர்ந்தால் ஒதுங்கி வழிவிடுவேன். லீற்றருக்கு நாற்பது கிலோமீற்றருக்குக் குறைந்ததில்லை. கீழே ஹோக்ஸ்பரி ஆறு. கம்பியில் இழுபடுகிற மிதவைப் பாதையில் மோட்டார் சைக்கிளோடு ஏறி நின்றால் காசில்லாமல் அக்கரைக்குக் கொண்டுபோய் விடுவார்கள். ஊரில் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே பாதையில் போனவர்களுக்கு அந்த மெதுவான ஆட்டம் தெரியும்.

அந்தப் பாதையில் ஒரு நாள், கழகத்து முதியவர் ஒருவர் என்னிடம் மண்ணெண்ணெய்க் கதையைக் கேட்டார். கேட்டுவிட்டு, தன் தகப்பன் காரின் பின்பக்கத்தில் அடுப்புப் பூட்டி, மரக்கரி எரித்து, அந்த வாயுவில் ஓட்டியதைச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் அவுஸ்திரேலியாவில் 1940 இல் தொடங்கிய பெற்றோல் பங்கீடு 1950 வரை இருந்தது. "அந்த அடுப்பு எங்கே?" என்று கேட்டேன். பழைய இரும்புக்குப் போய்விட்டது என்றார். அதை எப்படிச் செய்தார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தகப்பனிடம் கேட்கவில்லையாம். அந்தப் பெரிய மனிதர் அதைச் சொன்னபோது ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அஞ்சுவது இதற்குத்தான். அந்த மண்ணெண்ணெய்க் காலம் திரும்ப வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அதன் புகையை மூச்சில் இழுத்தவன் நான். ஆனால் 2022 இல் இலங்கையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல் என்று அளந்து கொடுத்தபோது, அக்காவின் மகன் சிட்னிக்கு அழைப்பெடுத்து, "மாமா, மண்ணெண்ணெயில ஓடுமோ?" என்று கேட்டான். அவனுடைய புது மோட்டார் சைக்கிளில் காபரேற்றரே இல்லை, ஓடாது. அப்பாவின் எம்.டி. 90 ஓடியிருக்கும். ஆனால் அவனுக்கு ஓட்டத் தெரியாது. மண்ணெண்ணெயும் அந்த ஆவணியில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போய்விட்டது. அன்று நான் தொலைபேசியில் சொல்லிக்கொடுக்க முயன்றேன். தும்பை எப்படி உருட்டுவது என்பதைத் தொலைபேசியில் சொல்லமுடியாது.

ஆகையால் ஊரில் இருப்பவர்களிடமும், விடுமுறைக்கு ஊர் போகிறவர்களிடமும் கேட்கிறேன். கொட்டிலில் நிற்கிற பழைய ஹொண்டாவை விற்காதீர்கள். விடுதி முற்றத்தில் அலங்காரமாக நிறுத்தவும் கொடுக்காதீர்கள். போன தடவை வந்தபோது ஒரு விடுதியில் சி. 90 ஒன்றைத் தங்க நிறம் பூசிப் பூந்தொட்டிகளுக்கு நடுவே நிறுத்தியிருந்ததைப் பார்த்தேன். எஞ்சினுக்குள் ஒயில் இல்லை. உதைகாலை அமுக்கினேன், இறுகிப் போயிருந்தது. அதைவிட வயலில் உரமூட்டை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது எத்தனையோ மேல். புதிதாக்குகிறோம் என்று சொல்லி எல்லாவற்றையும் கழற்றி எறிந்து மலிவான பாகங்களைப் பூட்டவும் வேண்டாம். உராய்ந்து தேய்கிறதை மாற்றுங்கள்: ரயர், பிறேக் சூ, சங்கிலி, கேபிள். மற்றதைத் துடைத்து, எண்ணெய் பூசி, இருந்தபடி விடுங்கள்.

அதைவிட முக்கியம், உங்கள் ஊரில் இருக்கிற அண்ணையிடம் பிள்ளையைக் கூட்டிப்போங்கள். யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி இவர்களைக் கிழமைக்கு ஒரு அரைநாள் கூப்பிட்டு, மாணவர் முன் ஒரு எஞ்சினைப் பிரிக்கச் சொல்லலாம். சான்றிதழ் இல்லாதவர்கள் என்று தயங்கவேண்டாம். அவர்கள் பரீட்சை எழுதிய காலம் வேறு.

அக்காவின் மகன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணையிடம் போகிறான். கவசத்துக்குப் புதிது வாங்கிவிட்டேன் என்று முதலில் படம் அனுப்பினான். பழையதைக் கழற்றாதே என்று உடனே அழைத்துச் சொன்னேன், அந்தப் பதினொரு தையல் எப்படி வந்தது என்றும் சொன்னேன். புதியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். போன கிழமை அண்ணை அவனை எஞ்சினில் காது வைத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு வால்வில் எது தளர்வு என்று அவன் சரியாகச் சொன்னானாம்.

அப்பாவின் எம்.டி. 90 ஐ ஓடவைக்கிற வேலையில் தாங்கியும் காபரேற்றரும் முடிந்துவிட்டன. சங்கிலி இங்கிருந்து அனுப்பிவிட்டேன். பற்றறியை மூடுகிற பக்க மூடி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. 1984 ஆம் ஆண்டுக்கு முந்திய எம்.டி. 90 இன் மூடி, எந்த நிறமானாலும் சரி, வெடித்திருந்தாலும் சரி. கொக்குவில், இணுவில், கோண்டாவில் பக்கம் யாருடைய பின்வளவிலாவது கிடந்தால் குப்பையோடு எரித்துவிடாதீர்கள். தை மாதம் வருகிறேன்.